செல்வநாயகி அக்காவின் லாச்சிக்குள் எவரும் சாவதில்லை

புதுப் புத்தகக் கட்டு நூலகத்துக்கு வந்து இறங்கினால் அன்று பின்னேரமே கரவெட்டி முழுக்கத் தெரிந்துவிடும். அடுத்த நாள் காலை சனம் கவுண்டரில் வந்து நிற்கும். நான் அவர்களைப் பார்த்து, "இன்னும் வரேல்லை" என்று பொய் சொல்ல வேண்டும். புத்தகமோ எனக்குப் பின்னால் இருக்கும் மேசையில், கட்டு அவிழ்த்தபடி, எல்லோருக்கும் தெரியும்படி கிடக்கும். அந்த மேசைக்குச் சொந்தக்காரி செல்வநாயகி அக்கா.

ஒரு புத்தகத்துக்கு மூன்று கார்ட். எழுதியவர் பேரில் ஒன்று, புத்தகத்தின் பேரில் ஒன்று, பொருளின் பேரில் ஒன்று. அவை மூன்றும் சரியென்று அக்கா ஒப்புக்கொண்டு, சுவரோரத்து அலுமாரியின் சின்னச் சின்ன இழுப்பறைகளுக்குள், எங்கள் பேச்சில் லாச்சிகளுக்குள், அடுக்கிய பிறகுதான் புத்தகம் என் கைக்கு வரும். அவர் ஒப்புக்கொள்வது லேசுப்பட்ட காரியம் இல்லை. அதற்கிடையில் ஏச்சு வாங்குவது கவுண்டரில் இருக்கும் தம்பிராசா, அதாவது நான். "புத்தகத்தைப் பூட்டி வைச்சு முட்டையிடவோ போறியள்?" என்று ஒருவர் கேட்டார். எனக்கும் அதே சந்தேகம்தான்.

அக்காவின் குணம் தெரிய வேண்டுமென்றால் ஒன்று சொல்கிறேன். எண்பத்து மூன்றுக்கு முன்னர் அவர் கொழும்பில் ஒரு நூலகத்தில் வேலை செய்தவர். ஆடிக் கலவரத்தில் அகதியாகிக் கப்பலில் வந்து காங்கேசன்துறையில் இறங்கியபோது, மற்றவர்கள் நகையையும் காணி உறுதியையும் மடியில் கட்டிக்கொண்டு வந்தார்கள். அக்கா கொண்டுவந்தது இரண்டு சேலையும், புத்தகங்களைப் பிரித்து எண் கொடுக்கும் தடித்த அட்டவணைப் புத்தகமும். "உதையோ பிள்ளை காப்பாத்திக்கொண்டு வந்தனி?" என்று தாய் தலையில் அடித்துக்கொண்டாராம். "ஓம் அம்மா, நகை இஞ்சையும் வாங்கலாம், உது வாங்கேலாது" என்றாராம் மகள். கலியாணம் பேசி வந்த இரண்டொருவர் இந்தக் கதையைக் கேட்ட பிறகு திரும்பி வரவில்லை. அக்காவும் அவர்களைத் தேடவில்லை.

முந்தியெல்லாம் கார்ட்களை அக்காவே தட்டச்சில் அடிப்பார். தொண்ணூறுக்குப் பிறகு பொருளாதாரத் தடை வந்தது. சவர்க்காரம் இல்லை, பற்றரி இல்லை, தட்டச்சுக்கு நாடாவும் இல்லை. நூலகக் குழுத் தலைவர் தியாகலிங்கம் ஒரு வழி கண்டுபிடித்தார். அவர் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். சாமான் எங்கே எடுக்கலாம் என்பது அவருக்குத் தெரியும். எங்களுக்குப் புத்தகம் தருகிற கடைக்காரருக்குச் சொந்தமாக ஓர் அச்சகமும் இருந்தது. இனிமேல் புத்தகத்தோடு கார்ட்டையும் அவர்களே அடித்துத் தருவார்கள் என்று பேசி முடித்துவிட்டார்.

கார்ட்டும் வந்தது. மட்டை கிடைக்காத காலமென்றபடியால், மிஞ்சிப்போன கலியாணக் கார்ட்களை வெட்டிப் பின்பக்கத்தில் அடித்திருந்தார்கள். முன்பக்கம் கோழி வளர்ப்பு, பின்பக்கம் பொன்நிறப் பிள்ளையாரும் பாதி மாப்பிள்ளையும். அக்கா அதைப் பார்த்து முகம் சுளிக்கவில்லை. "பின்பக்கத்தை ஆர் பாக்கிறது?" என்றார். முன்பக்கத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனவர் திடீரென்று நிறுத்தினார்.

"தம்பிராசா, உவர் எப்ப செத்தவர்?"

நான் எட்டிப் பார்த்தேன். கொழும்பு எழுத்தாளர் ஒருவர். அவருடைய மூன்று புத்தகங்கள் வந்திருந்தன. ஒரு கார்ட்டில் அவர் 1986இல் இறந்திருந்தார். அடுத்ததில் 1989இல் இறந்திருந்தார். மூன்றாவதில் 1991. மற்றக் கட்டுகளையும் அவிழ்த்துப் பார்த்தோம். பிறந்த ஆண்டு புத்தகத்தின் பின்மட்டையில் இருந்த எழுத்தாளர் எல்லோருமே செத்துப்போயிருந்தார்கள். ஒரே பேரில் பலர் இருக்கும் ஊர் இது என்பதால், ஆளைப் பிரித்தறிய பிறந்த ஆண்டைப் போட்டு, ஒரு சிறு கோடும் இழுத்து, கோட்டுக்குப் பின்னால் வெறுமனே விடும்படி அக்கா அச்சகத்துக்கு மாதிரி கொடுத்திருந்தார். அந்த வெற்றிடத்தை யாரோ நிரப்பியிருந்தார்கள்.

சைக்கிளை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் அச்சகத்துக்குப் போனோம். அங்கே எழுத்துக் கோர்ப்பவர் மரியரட்ணம். குருநகர்க்காரர், ஞாயிறு பூசைக்குத் தவறாதவர். ஆனால் சைவப் பாட்டெல்லாம் பார்க்காமலே கோர்ப்பார், ஏனென்றால் அந்த அச்சகத்தின் பிழைப்பே கல்வெட்டில்தான் நடந்தது. செத்தவருக்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று வீட்டார் அடித்துக் கொடுக்கும் நினைவுப் புத்தகத்தைத்தான் எங்கள் பக்கம் கல்வெட்டு என்போம். முதல் பக்கத்தில் படம். படத்துக்குக் கீழே பிறந்த ஆண்டு, ஒரு கோடு, இறந்த ஆண்டு.

"அண்ணை, உந்த 1992 எங்காலை வந்தது?" என்று அக்கா ஒரு கார்ட்டை நீட்டினார்.

"புத்தகத்திலை கிடந்தது தங்கச்சி."

"அது புத்தகம் அச்சடிச்ச ஆண்டு."

"ஓம். ஆள் செத்த ஆண்டிலைதானே புத்தகம் அடிக்கிறது." அவர் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பொறுமையாக விளங்கப்படுத்தினார். "நீங்கள் தந்த மாதிரியிலை கோட்டுக்குப் பின்னாலை ஒண்டும் இல்லை. உங்களுக்குத் தெரியாமல் விட்டிட்டியள் எண்டு நான்தான் தேடிப் போட்டனான். கோட்டை வெறுமனே விட்டுக் குடுத்தால் வீட்டுக்காரர் சண்டைக்கு வருவினம்."

"உயிரோடை இருக்கிறவை எத்தினை பேர் எழுதினம் அண்ணை!"

"உயிரோடை இருக்கிறவைக்கு ஆர் தங்கச்சி புத்தகம் அடிக்கினம்?" என்றார் மரியரட்ணம். தன் சீவியத்தில் அப்படி ஒரு புத்தகத்துக்குத் தான் எழுத்துக் கோர்த்ததில்லை என்று அந்தோனியாரை இழுத்துச் சத்தியமும் பண்ணினார். ஆள் பொய்க்காரர் இல்லை. அவர் செய்தது அவ்வளவும் அக்கறையில் செய்தது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. அக்கறையில்லாதவனைத் திருத்தலாம், இவரை என்ன செய்வது?

அன்று தொடக்கம் அக்கா சவரப் பிளேட்டை எடுத்தார். ஒவ்வொரு கார்ட்டிலும் இறந்த ஆண்டை மெதுவாகச் சுரண்டுவார், நகத்தால் தேய்ப்பார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். உண்மையாகவே செத்தவர்களுக்குச் சரியான ஆண்டைத் தேடி எழுதுவார். கவுண்டரில் சனம் கத்திக்கொண்டு நிற்கும். "அக்கா, செத்தவையைப் பிறகு எழுப்புவம், இருக்கிறவைக்கு இப்ப புத்தகத்தைத் தாங்கோ" என்று நான் கெஞ்சியதும் உண்டு. அவர் தலை நிமிரவே மாட்டார்.

தலைவர் தியாகலிங்கத்துக்கு முறைப்பாடு போனது. வந்தார். மேசைக்கு முன்னால் கதிரையைப் போட்டு இருந்தார்.

"அச்சடிச்சு வாறதை ஏன் பிள்ளை சுரண்டிறாய்? நேரை லாச்சிக்குள்ளை போட்டால் என்ன?"

"பிழை ஐயா. உவர் மூண்டு தரம் செத்திருக்கிறார்."

தலைவர் மூன்று கார்ட்டையும் வாங்கிப் பார்த்தார். "மூண்டிலை ஒண்டெண்டாலும் சரியா இருக்கும்தானே" என்றார்.

"அவர் உயிரோடை இருக்கிறார் ஐயா!"

"ஆர் கண்டது? கொழும்புப் பாதை பூட்டிக்கிடக்கு, கடிதம் வாறதில்லை. அவர் இருக்கிறார் எண்டதுக்கு உன்னட்டை என்ன அத்தாட்சி?" தலைவர் எழும்பினார். "வாற வெள்ளி புதுப் புத்தக விழா. அண்டைக்குச் சபைக்கு முன்னாலை, ஒரு ஆளை உயிரோடை நிப்பாட்டி, உந்தக் கார்ட் பிழை எண்டு காட்டு. காட்டினால் நீ சொன்னபடி. காட்டாட்டி இந்த மேசையைத் தூக்கிறன், நீ கவுண்டருக்குப் போ. கார்ட் அச்சகத்திலை இருந்து நேரை லாச்சிக்குள்ளை போகட்டும்."

அவர் போன பிறகு அக்கா வெகுநேரம் மேசையைத் தடவிக்கொண்டு இருந்தார். எனக்குப் பாவமாக இருந்தது. அதோடு, அக்கா கவுண்டருக்கு வந்தால் எனக்குப் பக்கத்தில்தான் இருப்பார் என்பதும் ஞாபகம் வந்தது. பாவம் இரண்டு மடங்கானது.

ஆனால் எங்களிடம் ஒரு துருப்புச் சீட்டு இருந்தது. விழாவுக்குப் பிரதம விருந்தினர் இராசநாயகம் மாஸ்ரர். விவசாயம் படிப்பித்து ஓய்வு பெற்றவர், கரவெட்டியிலேயே இருப்பவர், போன வருடம் வெங்காயச் செய்கை பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டவர். அவருடைய கார்ட்டில் 1919 – 1992 என்று அழகாக அடித்திருந்தது. நடந்துகொண்டிருந்தது தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு. லாச்சியைத் திறந்து முதல் கார்ட்டை எடுத்து வாசிப்பதுதான் விழாவின் தொடக்கம். மாஸ்ரர் தன் கார்ட்டைத் தானே எடுத்து, தான் செத்துப்போனதைத் தன் வாயாலேயே வாசித்தால் தலைவர் எங்கே போய் ஒளிப்பார்? "அக்கா, உதைத் தொட்டுப் போடாதேங்கோ, உதுதான் உங்கடை மேசை" என்று நான் சொன்னேன். அக்காவும் முதன்முறையாகச் சிரித்தார்.

வியாழக்கிழமை காலை மாஸ்ரரின் மனைவி நல்லம்மா வந்து இறங்கினார். விழா பதினொரு மணிக்கு என்று அழைப்பில் போட்டிருந்தது. வெள்ளிக்கிழமை அந்த நேரம் ராகுகாலம். ஒன்பதுக்கு மாற்றவேண்டும் என்பதுதான் வந்த காரியம்.

"சும்மா சொல்லேல்லைப் பிள்ளை. இவருக்கு இந்த வருசம் மாரகம், உயிருக்கே கண்டம் எண்டு சாத்திரியார் சொல்லிப்போட்டார். ஆவணி தாண்டினால் தொண்ணூறு வயது மட்டும் இருப்பாராம். தாண்டவேணுமே! கிணத்தடிக்கு விடுறதில்லை, சைக்கிளைத் தொட விடுறதில்லை, சனிக்குச் சனி எள்ளெண்ணெய் எரிக்கிறன். அவர் வெளியிலை சிரிக்கிறார். படுக்கையிலை நெஞ்சைப் பிடிச்சுப் பாக்கிறார், எனக்குத் தெரியும். நாளைக்கு வாறதுக்குத்தான் ஒரு மாதமாச் சந்தோசமா இருக்கிறார்."

மாஸ்ரரின் கார்ட் மேசை மேலேயே கிடந்தது. அக்கா அதன் மேல் உள்ளங்கையை வைத்து மூடினார். நல்லம்மா போகும்வரை அந்தக் கையை எடுக்கவில்லை.

பிறகு பிளேட்டை எடுத்தார்.

"அக்கா, வேண்டாம்! வேறை சாட்சி எங்கடை கையிலை இல்லை!"

"தெரியும்."

"மேசை போகும்!"

"தெரியுமெண்டு சொன்னனான்தானே, கதையாதை. பிளேட் விலகிப்போடும்" என்றார். மாஸ்ரரின் மூன்று கார்ட்டையும் சுரண்டி முடித்தார். நான் எவ்வளவு உற்றுப் பார்த்தும் எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவ்வளவு நல்ல வேலை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. இந்த வேலையின் கேவலமே அதுதான். திறமாய்த் திருத்தினால், அதில் திருத்த ஒன்றுமே இருக்கவில்லை என்று ஊர் சொல்லும்.

வெள்ளி காலை ஒன்பது மணிக்கு, மண்ணெண்ணெயில் ஓடும் ஒஸ்ரின் காரில், புகை கக்கியபடி மாஸ்ரரும் நல்லம்மாவும் வந்து சேர்ந்தார்கள். மாஸ்ரர் லாச்சியை இழுத்தார். தன் கார்ட்டை எடுத்தார். தொண்டையைச் செருமினார்.

"இராசநாயகம், கந்தையா. ஆயிரத்துத் தொளாயிரத்துப் பத்தொன்பது. பிறகு ஒரு கோடு." கண்ணாடியைச் சரி செய்து மறுபடி பார்த்தார். "கோட்டுக்குப் பின்னாலை ஒண்டும் இல்லை. எனக்கு இன்னும் இடம் விட்டிருக்கினம்!"

சபை கைதட்டியது. நல்லம்மா கண்ணைத் துடைத்தார். எனக்கும் சந்தோசம்தான், ஆனால் அது இரண்டு நிமிடம்தான் நீடித்தது. தலைவர் எழும்பி, "பாத்தியளோ, ஒரு பிழை இல்லை. அச்சகத்தாரின்ரை வேலை அவ்வளவு சுத்தம்" என்று தொடங்கினார். இனிமேல் கார்ட் நேரே லாச்சிக்குள் போகும், செல்வநாயகி திங்கள் தொடக்கம் கவுண்டருக்குப் போவார் என்றும் அறிவித்தார். அதோடு நின்றாரா? அச்சகத்தைக் கௌரவிக்க மரியரட்ணத்துக்குப் பொன்னாடை போர்த்தப்போவதாகவும் சொன்னார். சைக்கிள் காற்றுப் போய் உருட்டிக்கொண்டு அப்போதுதான் வாசலுக்கு வந்து சேர்ந்த மரியரட்ணம், வியர்வையோடு மேடைக்கு இழுக்கப்பட்டார். அக்கா கடைசி வரிசை வாங்கில், கைகளை மடியில் வைத்தபடி, நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார். அந்தப் பொன்னாடையைப் பறித்துத் தலைவரின் வாய்க்குள்ளேயே அடைக்க வேண்டும் போல எனக்கு ஆத்திரம் வந்தது.

மரியரட்ணம் பொன்னாடையைப் போர்த்திக்கொண்டார். மாஸ்ரரின் கையில் இருந்த, தான் அடித்த கார்ட்டைப் பெருமையோடு வாங்கிப் பார்த்தார். முகம் கறுத்தது.

"இது என்ன வேலை?" என்றார். "நான் உப்பிடிக் குறையா அடிக்கேல்லை! கோட்டுக்குப் பின்னாலை வெறுமனே விடுறதுக்கு நான் என்ன நேத்து வந்தவனோ? ஆர் என்ரை வேலையைக் கெடுத்தது?"

தலைவர் அவர் தோளைத் தட்டி, "நல்லாத்தானே இருக்கு, இருங்கோ" என்றார். மரியரட்ணம் இருக்கவில்லை. அடித்தவற்றில் ஒவ்வொரு பிரதி தன்னோடு வைத்துக்கொள்வது அவர் வழக்கம். இடுப்புப் பையைத் திறந்து கட்டை எடுத்துத் தேடத் தொடங்கினார்.

அக்கா எழும்பி மேடைக்கு ஓடினார். அவர் ஓடி நான் கண்டது அந்த ஒருமுறைதான். "நான்தான் சுரண்டினனான்! கார்ட்டைப் பழுதாக்கினது நான்தான். திங்கள் எண்டில்லை, இப்பவே கவுண்டருக்குப் போறன். உதை உள்ளுக்கை வையுங்கோ அண்ணை!"

மரியரட்ணம் அதற்குள் எடுத்துவிட்டார். கார்ட்டை மாஸ்ரரின் கண்ணுக்கு முன்னால் பிடித்தார். "இதைப் பாருங்கோ, நான் குடுத்தது இது. பத்தொன்பதிலை பிறந்து தொண்ணூற்றிரண்டிலை காலஞ்சென்றவர். ஒரு குறையும் இல்லை. நீங்கள் அவரின்ரை தம்பியாரோ?"

"நான்தான் இராசநாயகம்" என்றார் மாஸ்ரர்.

மரியரட்ணம் அவரை மேலும் கீழும் பார்த்தார். பொன்னாடை தோளிலிருந்து நழுவியது.

"ஐயா... நீங்கள் இருக்கிறியளோ?"

மாஸ்ரரின் கை நெஞ்சுக்குப் போனது. அக்கா கண்ணை மூடிக்கொண்டார். நல்லம்மா எழும்பி வந்து கார்ட்டை வாங்கி, என்னிடம் நீட்டி, "வாசி தம்பி" என்றார். எனக்கு வேறு வழி இருக்கவில்லை. வாசித்தேன். பிறப்பு இது, இறப்பு இது.

"போன வருசமோ?"

"ஓம் அம்மா. போன வருசம்."

"அம்மாளாச்சி!" நல்லம்மா இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினார். "கழிஞ்சுது! மாரகம் கழிஞ்சுது! இருக்கிற ஆளைச் செத்ததெண்டு சொன்னாலே ஆயுசு கூடும். இது அச்சிலையெல்லோ வந்திருக்கு!" மாஸ்ரரின் கையை அவர் நெஞ்சிலிருந்து பிடித்து எடுத்தார். "இனி நீங்கள் கிணத்தடிக்குப் போங்கோ, சைக்கிளும் ஓடுங்கோ."

மாஸ்ரர் முதலில் முழித்தார், பிறகு சிரிக்கத் தொடங்கினார். அடக்க முடியாமல் சிரித்தார். சபையும் சேர்ந்து சிரித்தது. மரியரட்ணம் மட்டும் சிலுவை போட்டுக்கொண்டார்.

சிரித்து முடித்து மாஸ்ரர் தலைவர் பக்கம் திரும்பினார். "தியாகலிங்கம், நான் இண்டைக்கு லாச்சியைத் திறந்து தனிய உதை வாசிச்சிருந்தால், உந்த நிலத்திலைதான் விழுந்திருப்பன். விழாமல் நிக்கிறன் எண்டால் உந்தப் பிள்ளையாலை. நீர் மேசையைத் தூக்கினால் நான் என்ரை புத்தகத்தைத் தூக்குவன்."

உயிரோடு ஓர் ஆளை நிறுத்திக் காட்டச் சொன்னவர் தலைவர்தான். ஆள் நின்றுகொண்டிருந்தார். "மேசை இருக்கட்டும்" என்றார் தலைவர், மெதுவாக.

ஆனால் நல்லம்மாவுக்கு இன்னும் ஒரு குறை இருந்தது. அக்காவைப் பிடித்துக்கொண்டார். "ஏன் பிள்ளை சுரண்டினனி? லாச்சிக்குள்ளை கிடக்கிற கார்ட்டிலும் அந்தத் தொண்ணூற்றிரண்டைத் திருப்பிப் போட்டு விடு. நாலு பேர் பாத்தால் இன்னும் பலன்."

"போனால் போகுது, போட்டுவிடு பிள்ளை" என்றார் தலைவர்.

அக்கா மரியரட்ணத்தின் பிரதியை என்னிடமிருந்து வாங்கி நல்லம்மாவின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடித்துவிட்டார். "இதைக் கொண்டுபோய் உங்கடை சாமியறையிலை வையுங்கோ அம்மா. அங்கை அவர் செத்தே இருக்கட்டும். என்ரை லாச்சிக்குள்ளை அவர் உயிரோடைதான் இருப்பார்."

விசயம் ஊரெல்லாம் பரவியது. வடமராட்சியில் இவ்வளவு எழுத்தாளர்கள் இருக்கிறார்கள் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். நாட்டு வைத்தியம் எழுதியவர், நவக்கிரகம் எழுதியவர், எல்லோரும் கவுண்டரைத் தாண்டி நேரே அக்காவின் மேசைக்குப் போய், தாங்கள் எப்போது செத்தோம் என்று ஆவலோடு விசாரித்தார்கள். மரியரட்ணத்தின் பிரதிகள் ஒவ்வொன்றாக வீடுகளுக்குப் போயின. லாச்சிக்குள் இருந்தவை சுரண்டப்பட்டே இருந்தன. புத்தகம் கவுண்டருக்கு வருவது முன்பை விடவும் சுணங்கியது. எனக்கு விழும் ஏச்சு குறையவில்லை.

ஒரு நாள் பின்னேரம், நூலகத்தில் வேறு ஆட்கள் இல்லாத நேரம் பார்த்துத் தலைவர் தியாகலிங்கம் வந்தார். நான் புத்தக இறாக்கைக்குப் பின்னால் நிற்பது அவருக்குத் தெரியாது. அக்காவின் மேசையில் குனிந்து, குரலைத் தாழ்த்திக் கதைத்தார்.

"பிள்ளை, எனக்கும் வாற வருசம் சனி சரியில்லையாம். என்ரை பேரிலையும் ஒரு கார்ட் அடிப்பிச்சு, செத்ததெண்டு போட்டுத் தர ஏலுமோ?"

அக்கா பிளேட்டைக் கீழே வைத்தார். "ஐயா ஏதும் புத்தகம் எழுதியிருக்கிறியளோ?"

"இல்லை."

"அப்ப முதல் ஒண்டு எழுதுங்கோ. எழுதாத ஆளை என்னாலை சாக்காட்டவும் ஏலாது, உயிரோடை வைச்சிருக்கவும் ஏலாது."